சூடம் அணைக்காத பிள்ளை

செல்வராணி டீச்சரின் மேசையில் மூன்று இழுப்பறைகள். மேலே சிவப்புப் பேனாக்கள், நடுவில் பயிற்சித் தாள்கள், அடியில் ஒரு பிஸ்கட் டின். அந்த டின்னில் பிஸ்கட் என்றைக்கும் இருந்ததில்லை. ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மாதவிலக்கு வந்துவிட்டால் கொடுப்பதற்காக அதில் பேட் வாங்கி வைத்திருந்தார். பையன்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்திருப்பார். பிள்ளை வந்து மேசையோரம் நிற்கும். டீச்சர் அதன் முகத்தைப் பார்ப்பார். இழுப்பறை திறக்கும், பொட்டலம் கைமாறும். இரண்டு பேரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். அந்த டின்னைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜொகூர் மாநிலத்துப் பண்டார் தெங்காராவிலிருந்து செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குள் நுழைந்து போகிற சாலையில், லாரிகள் வாரியடிக்கும் செம்மண் தூசிக்கு நடுவே நிற்கிற தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அது. மொத்தம் நாற்பத்து மூன்று பிள்ளைகள். தோட்டத்துச் சனம் கூலாய், ஸ்கூடாய் நகரங்களுக்கு வேலை தேடிக் குடிபோய்விட, வருடா வருடம் எண்ணிக்கை தேய்ந்துகொண்டே வந்தது. "இன்னும் பத்துப் பிள்ள கொறஞ்சா..." என்று ஆரம்பிப்பார் தலைமையாசிரியர் கமலநாதன். மிச்சத்தைச் சொல்ல மாட்டார். பள்ளியை மூடிவிடுவார்கள் என்ற பயம் அந்த மனிதரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பயத்துக்கு மருந்தாக வந்து சேர்ந்தவர் யுகேந்திரன் சார். அறிவியல் ஆசிரியர். வந்த இரண்டாம் வருடமே பிள்ளைகளைப் புத்தாக்கப் போட்டிக்குத் தயார் செய்து மாநில அளவில் தங்கம் வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகளோடு அவர் நிற்கிற படம் பத்திரிகையில் வந்தது. அதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து அடுத்த வருடம் முதலாம் ஆண்டுக்கு ஐந்து பிள்ளைகள் கூடுதலாக வந்தார்கள். அதன் பிறகு யுகேந்திரன் சாரைக் கேள்வி கேட்க அங்கே ஆள் கிடையாது. பள்ளி விட்ட பிறகு அறிவியல் அறையில் அவர் எத்தனை மணி வரைக்கும் பிள்ளைகளை வைத்திருந்தாலும், பாவம், எவ்வளவு உழைக்கிறார் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் குழுவில் இருந்த ஒரே ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளை லோஷினி. அப்பா லாரி விபத்தில் போய் மூன்று வருடம் ஆகிறது. அம்மா மலர், கூலாய் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். காலை ஐந்தரைக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்துவிடும். பிள்ளை தானே எழுந்து, தானே தலைசீவி, தானே பள்ளிக்கு வந்துவிடும். கெட்டிக்காரி. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

ஒரு திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் அவள் செல்வராணி டீச்சரின் மேசையோரம் வந்து நின்றாள். டீச்சர் வழக்கம்போல் கீழ் இழுப்பறையைத் திறக்கப் போனார்.

"அதுக்கு இல்ல டீச்சர். நான் புத்தாக்கக் குழுவுல இருந்து நின்னுக்கலாமா?"

"ஏன்மா? அடுத்த மாசம் போட்டி வருதுல?"

"சார் நல்லாப் பேச மாட்றாரு."

"ஏசுறாரா?"

பிள்ளை இல்லையென்று தலையை ஆட்டியது. கண் தரையில் இருந்தது. "ஏசல டீச்சர். என்னைப் பத்தி பேசக் கூடாததெல்லாம் பேசுறாரு. மத்தவங்கள வெளிய அனுப்பிட்டு கதவச் சாத்திக்கிறாரு. தோள்ல கைய வெச்சா எடுக்க மாட்றாரு. தள்ளி உக்காந்தா கிட்ட வராரு. எனக்குப் பயமா இருக்கு."

செல்வராணி டீச்சர் நம்பினார். அதில் சந்தேகமே வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதை இட்டுக்கட்டிச் சொல்லாது என்று பதினேழு வருடம் வகுப்பறையில் நின்ற பெண்ணுக்குத் தெரியாதா? "நான் பாத்துக்கிறேன்மா. இன்னிக்கு சாயங்காலம் அங்க போகாத. வயித்து வலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரு" என்று தலையைத் தடவி அனுப்பினார்.

என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வழிகாட்டி ஆசிரியர் என்ற பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. போன வருடம் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பட்டறை வைத்து இதைத்தானே சொல்லிக் கொடுத்தார்கள்? பிள்ளை வந்து சொன்னால் நம்பு, சொன்னதை எழுது, தாமதிக்காமல் போலீசுக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் தெரியப்படுத்து, பிள்ளையையும் அந்த ஆளையும் ஒரே இடத்தில் நிறுத்தாதே. மீ கோரெங் சாப்பிட்டு, சான்றிதழ் வாங்கி, குழுப்படம் எடுத்துக்கொண்டு வந்தார்களே. அந்தக் கோப்பு அலமாரியில் மேல்தட்டில் இருந்தது. டீச்சர் அதை எடுத்து மேசைமேல் வைத்தார், திறந்தார், முதல் தாளைப் படித்தார். பிறகு மூடி வைத்துவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். பெரியவர்களைக் கேட்காமல் எதையும் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

"மொதல்ல கதவச் சாத்துங்க டீச்சர்" என்றார் கமலநாதன்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "நீங்க நம்புறீங்களா?"

"நம்புறேன் சார்."

"நானும் நம்பலன்னு சொல்லல. ஆனா பேப்பர்ல வந்தா என்னாவும்னு யோசிச்சீங்களா? அடுத்த வருஷம் ஒண்ணாம் ஆண்டுக்கு ஒரு பிள்ள வராது. பள்ளிய மூடிட்டா மிச்சம் நாப்பத்திரண்டு பிள்ளைங்க எங்க போவும்?"

"போலீசுக்குச் சொல்லலன்னா நம்ம மேலயே தப்பு வரும் சார்."

"சொல்ல வேணாம்னு நான் சொன்னனா? மொதல்ல தலைவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோம் லா."

தலைவர் என்றால் வீரமுத்து. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்கும் அவர்தான் தலைவர். செம்பனைக் குலை ஏற்றுகிற லாரிகள் நான்கு வைத்திருந்தார். பள்ளிக்குச் சாயம் அடித்தது, பஸ்ஸுக்கு டயர் மாற்றியது எல்லாம் அவர் கைங்கரியம். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது, அதுதான் தொல்லை. அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டே ஒரு வழி சொன்னார்.

"போலீசு, கோர்ட்டுன்னு போனா எவ்ள வருஷம் இழுக்கும்? நமக்குப் பெரிய கோர்ட்டு முனியாண்டிதான். வெள்ளிக்கெழம ரெண்டு பேரும் வந்து சூடம் அணைக்கட்டும். பொய் சொல்றவன் கை அங்க நீளாது. பிள்ள அணைச்சிட்டான்னா, நானே என் கார்ல ஏத்திக்கிட்டு போலீசு பாலாய்க்குப் போயி ரிப்போட் கொடுக்குறேன். இது என் வாக்கு டீச்சர்."

இதைக் கேட்டு டீச்சர் சண்டைக்கு நின்றிருக்க வேண்டும். நின்றாரா? இல்லை. உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அவரும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்தான். மாடு காணாமல் போனதற்கும் சங்கிலி களவு போனதற்கும் அந்தச் சந்நிதியில் சூடம் அணைத்ததைச் சிறுவயதில் பார்த்தவர். முனியாண்டி முன்னால் அந்த ஆளுக்குக் கை நடுங்கும், பிள்ளைக்கு நடுங்காது, பிறகு தலைவரே வாய்மூடி வண்டியை எடுப்பார் என்று மனதார நம்பினார். மலரை போனில் கூப்பிட்டுச் சொன்னபோது அவளும் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள். "எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா டீச்சர். நான் காலையில ஷிப்டுக்குப் போயிட்டு அப்படியே நேரா கோயிலுக்கு வந்துடுறேன். அவ தாராளமா அணைப்பா."

வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஓய்வு நேரத்தில் லோஷினி மேசையோரம் வந்து நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது. டீச்சர் எதிரே ஒரு பையன் நோட்டு திருத்தக் காத்திருந்தான். டீச்சர் பேசாமல் கீழ் இழுப்பறையைத் திறந்து பத்திரிகைத் தாள் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிள்ளை அதைப் பைக்குள் செருகிக்கொண்டு கழிவறைப் பக்கம் ஓடியது. அவ்வளவுதான். டீச்சர் அடுத்த நோட்டைத் திருத்தப் போய்விட்டார். மனம் முழுக்க மூன்று மணிக்கு நடக்கப்போவதில் இருந்தது.

ஆறாம் ஆண்டுக்குக் கூடுதல் வகுப்பு முடிந்து இரண்டே முக்காலுக்குக் காரை எடுத்தார். தலைமையாசிரியரின் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அதனால் அவர் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். பிள்ளை பின்னால், புத்தகப்பையை மடியில் அணைத்துக்கொண்டு இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்தது.

"டீச்சர், இன்னிக்கே போவணுமா?"

"பயப்படாதம்மா. உண்மைய சொல்றவங்களுக்கு என்ன பயம்?"

"செவ்வாக்கெழம வெச்சுக்கலாமா டீச்சர்?"

"எல்லாரும் வந்து காத்துக்கிட்டு இருக்காங்கம்மா" என்றார் தலைமையாசிரியர் திரும்பிப் பார்க்காமல். "உங்கம்மாவும் வேலைய விட்டு வராங்க. இன்னிக்கே முடிச்சிரணும்."

கொஞ்ச தூரம் போனதும் பிள்ளை மறுபடி கேட்டது. "உள்ள போயி நிக்கணுமா டீச்சர்? வெளிய நின்னு சொல்லக் கூடாதா?"

"உள்ளதான்மா. சாமிக்கு முன்னாடிதான்" என்றார் டீச்சர். பயத்தில் பிதற்றுகிறது என்று நினைத்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தபோது பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு ஆம்பளை உட்கார்ந்திருக்கும்போது அது வேறு எப்படித்தான் சொல்லும்? எதிரே குலை ஏற்றிய லாரி வர, டீச்சர் சாலையைப் பார்த்தார்.

முனீஸ்வரர் கோயில் தோட்டத்து முச்சந்தியில், ஒரு பெரிய ஆலமரத்தடியில் இருந்தது. தகரக் கூரை, சிவப்புச் சிமெண்டுத் தரை, மூன்று படி. உள்ளே அரிவாளும் சுருட்டும் சாராயமுமாக முனியாண்டி. ஆறு ஆண்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். தலைவர் வீரமுத்து, சங்கத்துக்காரர்கள் மூன்று பேர், பூசாரி அர்ச்சுனன், அப்புறம் யுகேந்திரன் சார். அவர் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி வந்திருந்தார். மலர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிச் சீருடையோடு ஓடி வந்தாள். மகளை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

முதலில் யுகேந்திரன் சார். வாழையிலையில் சூடம் எரிந்தது. "அந்தப் பிள்ளகிட்ட நான் ஒரு தப்பும் பண்ணல. முனியாண்டி மேல சத்தியம்" என்று சத்தமாகச் சொல்லி, உள்ளங்கையைக் கவிழ்த்துச் சூடத்தை அணைத்தார். கை நடுங்கவில்லை. குரல் பிசிறவில்லை. செல்வராணி டீச்சர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அட பாவி, இவ்வளவு லேசா என்று தோன்றியது. சாமிக்கு அஞ்சாதவனைச் சாமி முன்னால் நிறுத்தி என்ன பயன் என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது.

பூசாரி புதுச் சூடம் கொளுத்தினார். "வா தாயி."

லோஷினி படிக்குக் கீழே நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வாம்மா, உள்ள வா" என்றார் தலைவர்.

பிள்ளை அசையவில்லை. பையை வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு செல்வராணி டீச்சரைப் பார்த்தது. வேறு யாரையும் பார்க்கவில்லை. பெற்ற தாய் அங்கே இருந்தும், தாயைப் பார்க்கவில்லை. தாய்க்குத்தான் ஒன்றும் தெரியாதே.

அந்தப் பார்வையில் டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பத்திரிகைத் தாள் பொட்டலம். வெளிறிய முகம். செவ்வாய்க்கிழமை வைத்துக்கொள்ளலாமா. வெளியே நின்று சொல்லக் கூடாதா. ஐயோ, தீட்டோடு முனியாண்டி கோயில் படியேறினால் குற்றம் என்று இந்தத் தோட்டத்தில் எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் சொல்லி வளர்க்கவில்லை? பிள்ளை பொய்க்குப் பயந்து நிற்கவில்லை, சாமிக்குப் பயந்து நிற்கிறது. இது தெரிந்த ஒரே ஆள் அந்த இடத்தில் அவர் மட்டும்தான்.

ஒரு வார்த்தை போதும். பிள்ளை தூரம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம் என்று சொன்னால் முடிந்தது. டீச்சர் வாயைத் திறந்தார். எதிரே ஏழு ஆம்பளைகள், தலைமையாசிரியரையும் சேர்த்து. பூசாரி கையில் தட்டு. யுகேந்திரன் சார் மூக்குக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினேழு வருடமாகப் பொட்டலம் கட்டி மறைத்த ஒன்றைச் சந்நிதியில் நின்று எப்படி வாய்விட்டுச் சொல்வது?

"பிள்ளைக்கு... ஒடம்பு சரியில்ல போல" என்றார், மெதுவாக.

"இப்பத்தான் ஒடம்பு சரியில்லாம போச்சா?" என்றார் சங்கத்துக்காரர் ஒருவர். இன்னொருவர் சிரித்தார்.

"என்ன டீச்சர், ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார் தலைவர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்ல தலைவரே."

சொல்லிவிட்டார். அந்த இரண்டு வார்த்தையையும் அவர் வாயால்தான் சொன்னார்.

மலர் படியிறங்கி வந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி. வந்து அணை. பயப்படாதடி, அம்மா இருக்கேன்ல." பிள்ளை முரண்டு பிடித்தது. இழுக்க இழுக்கப் பின்னால் போனது. கடைசியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டது. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சூடம் தானாகவே எரிந்து அணைந்தது.

"பொய்யாடி சொன்ன?" என்றாள் மலர். குரல் உடைந்திருந்தது. "ஏண்டி, பொய்யா சொன்ன?"

பிள்ளை பைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டது. மலர் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு தானே தலையில் அடித்துக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்து அழுதாள். யுகேந்திரன் சார் பெரிய மனது பண்ணி, "விடுங்க, சின்னப் பிள்ள, மன்னிச்சிட்டேன்" என்றார்.

அங்கேயே ஒரு தாள் எழுதினார்கள். தவறான புரிதலால் எழுந்த புகார் என்றும், பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்க்கப்பட்டது என்றும் அதில் இருந்தது. மலர் கையெழுத்துப் போட்டாள். சாட்சியாக வழிகாட்டி ஆசிரியரும் போட வேண்டும் என்றார்கள். செல்வராணி டீச்சர் போட்டார்.

அதற்குப் பிறகு லோஷினி எட்டு நாள்தான் அந்தப் பள்ளிக்கு வந்தாள். சிற்றுண்டிச்சாலையில் தனியாக உட்கார்ந்தாள். பிள்ளைகள் அவள் காதுபடப் பொய்க்காரி என்றார்கள். வீட்டில் கேட்டதைத்தானே பிள்ளைகள் திருப்பிச் சொல்லும்? ஒன்பதாம் நாள் மலர் வந்து மாற்றல் கடிதம் வாங்கிக்கொண்டு போனாள். ஸ்கூடாயில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் குடியேறிவிட்டதாகச் சொன்னார்கள். நாற்பத்து மூன்று நாற்பத்திரண்டானது. எண்ணிக்கைக்காக உயிரை விடுகிற தலைமையாசிரியர் அந்த ஒன்றைப் பற்றி எதுவும் பேசவில்லை.

டீச்சரும் எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். திடீரென்று கேட்டார்கள், யோசிக்க நேரமில்லை. நான் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளையாவது அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். எதுவும் நெஞ்சில் தங்கவில்லை. சோற்றில் கையை வைத்தால் பிள்ளை மண்ணில் உட்கார்ந்தது கண்ணில் வந்து நிற்கும்.

இரண்டு மாதம் கழித்து ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று மேசையோரம் வந்து நின்றது. டீச்சர் இழுப்பறையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார். கொடுக்க முடியவில்லை. அதைப் பிடித்தபடியே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பயந்து, "டீச்சர், டீச்சர்" என்றது. அன்றைக்குப் பள்ளி விட்டதும் டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. நேராக பாலாய்க்குப் போய், திங்கட்கிழமை கேட்டது முதல் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டது வரை ஒன்று விடாமல் சொன்னார். பேட் விஷயத்தையும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்தது ஒரு இளம் மலாய்ப் பெண் போலீஸ். அவள் பேனாவை நிறுத்திவிட்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடி எழுதினாள். விசாரணையைத் தொடங்குகிறோம், ஆனால் நீங்கள் சொல்வது பிள்ளை சொல்லிக் கேட்டதுதான், பிள்ளையின் வாக்குமூலம் வேண்டும், அம்மாவோடு கூட்டிவர முடியுமா என்று கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் ஸ்கூடாய்க்குக் கிளம்பினார். கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டு மணி நேரம் ஆனது. நான்காம் மாடி, மின்தூக்கி வேலை செய்யவில்லை. மலர் கதவைத் திறந்தாள். ஹைப்பர்மார்க்கெட் சீருடையில், வேலைக்குப் புறப்படுகிற நேரம்.

"வாங்க டீச்சர். உக்காருங்க." முகத்தில் கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது. "எம் பிள்ளையால உங்களுக்கும் கெட்ட பேரு."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். லோஷினி சமையலறை வாசலில் நின்றாள். உயரம் கூடியிருந்தாள், முகம் ஒடுங்கியிருந்தது. சுற்றி வளைக்காமல் டீச்சர் சொல்லிவிட்டார். "மலர், பிள்ள பொய் சொல்லல. அன்னிக்குக் காலையில அவளுக்கு பீரியட் வந்திருச்சி. நான்தான் பேட் எடுத்துக் கொடுத்தேன். அதனாலதான் அவ கோயில் படி ஏறல."

மலர் புரியாதவள்போல் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். மலரின் வலது கை தானாகவே மடிக்குள் போய் ஒளிந்தது. எந்தக் கையால் அறைந்தாளோ அந்தக் கை.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"எல்லா ஆம்பளைங்களும் இருந்தாங்க" என்றாள் லோஷினி. "அப்புறமா சொன்னா, தீட்டோட அங்க வந்து நின்னியான்னு அதுக்கும் அடிப்பீங்கன்னு நெனச்சேன்."

மலர் டீச்சர் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க தெரிஞ்சுக்கிட்டேதான் நின்னீங்களா டீச்சர்? நான் அடிக்கறப்ப?"

"ஆமா" என்றார் செல்வராணி டீச்சர்.

திட்டியிருந்தால் தேவலை. மலர் எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டாள். தோள்கள் குலுங்கின. டீச்சர் பாலாய் விஷயத்தைச் சொன்னார். இப்போது முறைப்படி நடக்கும், பெண் போலீஸ்தான் பேசுவார், தனி அறை, யாரும் சூழ்ந்து நிற்க மாட்டார்கள், அவன் அங்கே இருக்கவே மாட்டான் என்றெல்லாம் பட்டறையில் படித்ததை இப்போது ஒப்பித்தார். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

"வேணாம் டீச்சர்" என்றாள் லோஷினி.

"நான் கூடவே இருப்பேன்மா."

"அன்னிக்கும் கூடத்தான இருந்தீங்க."

குரலை உயர்த்தாமல், கேட்ட கேள்விக்குப் பதிலாக, பழைய லோஷினி சொல்வதுபோலவே சொன்னாள். டீச்சர் பெண் போலீஸின் எண்ணை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்தார். பிள்ளைக்கு மனம் வந்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், வராவிட்டாலும் தன் பெயரில் கொடுத்த புகாரைத் தான் திரும்ப வாங்கப் போவதில்லை என்று மலரின் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தார்.

லோஷினி மாடிப்படி வரைக்கும் வந்தாள். இரண்டாம் படியில் டீச்சர் இறங்கியபோது கூப்பிட்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"நான் உள்ள போவல. படிக்கு வெளியதான் நின்னேன். ஆனா அங்க வரைக்கும் போயிட்டேன்ல? முனியாண்டிக்கு எம்மேல கோவமா? அதனாலதான் எனக்கு எதுவும் செய்யாம விட்டுட்டாரா?"

செல்வராணி டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதமாக இந்தப் பிள்ளை இதையா சுமந்துகொண்டு திரிந்தது? செய்தவன் தப்பு இல்லை, கூட்டிப்போனவர்கள் தப்பு இல்லை, வாயடைத்து நின்றவள் தப்பு இல்லை, தன் தப்பு என்று?

"இல்லம்மா" என்றார். கண்ணீர் மூக்கில் இறங்கியது. "உன் மேல யாருக்கும் கோவம் இல்ல. சாமி ஒண்ணும் செய்யாம இல்ல. உன்னைத் தெரிஞ்ச ஒருத்திய அங்க பக்கத்துலயே நிக்க வெச்சாரு. அவதான் வாயத் திறக்கல."

லோஷினி கேட்டுக்கொண்டாள். வகுப்பில் கணக்கு புரியாதபோதும் புரிந்துவிட்டது என்று தலையாட்டுவாளே, அப்படித் தலையாட்டினாள். பிறகு, "பாத்துப் போங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.